பத்துக்குப் பத்து, ஐந்துக்கு ஒன்றரை: 'கிட் ஏ'யும் எங்கட 'விளங்கேல்லை'யும்

2000ஆம் ஆண்டு, சில வார இடைவெளிக்குள், ஒரே இசைத்தொகுப்புக்கு இரண்டு விதமாகப் புள்ளிகள் விழுந்தன. அமெரிக்காவில் ஓர் இளைஞர் தொடங்கி நடத்திக்கொண்டிருந்த பிட்ச்ஃபோர்க் என்ற சின்ன இணையத்தளம் பத்துக்குப் பத்துக் கொடுத்தது. லண்டனில் 1926 முதல் வந்துகொண்டிருந்த மெலடி மேக்கர் என்ற இசைச் சஞ்சிகை ஐந்துக்கு ஒன்றரை கொடுத்தது. தொகுப்பின் பெயர் 'கிட் ஏ'. அதைச் செய்தது இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த றேடியோஹெட் குழு.

கால் நூற்றாண்டு தாண்டின ஒரு சங்கதியை இப்ப ஏன் இழுக்கிறியள் எண்டு கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்களில் பாதிப்பேருக்கு இந்தத் தொகுப்பு உயிர். மற்றப் பாதிக்கு அது ஐம்பது நிமிசத் தலையிடி. இரண்டு வருசமாகச் சண்டை பிடித்திருக்கிறோம். போன மாதம் எங்கட வட்டத்துக்குள்ளேயே ஒருவன் தான் செய்த இசையைக் கொண்டுவந்து "எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது, இந்தப் பழைய சண்டை திடீரென்று எங்கட வீட்டுப் பிரச்சினை ஆகிவிட்டது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். முதலில் 'கிட் ஏ'.

பட்டியல் வழியாக வந்த இசை

2000 ஒக்டோபரில் இந்தத் தொகுப்பு வெளியானபோது எங்களில் சிலர் பிறக்கவேயில்லை. பிறந்திருந்தவர்களும் போருக்குள் தவழ்ந்துகொண்டிருந்தோம். ஆகவே எங்களுக்கு இது ஒரு புதிய இசையாக வரவில்லை, தீர்ப்பு எழுதி முடித்த இசையாகத்தான் வந்தது. "கேட்காமல் சாகக்கூடாத தொகுப்புகள்" மாதிரியான ஏதோ ஒரு பட்டியலில் பெயரைப் பார்த்து, யூடியூப்பில் தேடி, போனில் போட்டுக் கேட்டோம்.

முதல் பாட்டு ஒரு கீபோர்ட்டில் தொடங்குகிறது. கிற்றார் இல்லை. ட்ரம்ஸ் அடி மெத்தை போட்டு மூடினது மாதிரி. பாடகரின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளையே பின்னால் ஒரு வாத்தியம் மாதிரி ஓடவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது பாட்டில் குரல் மனுசக் குரலாகவே இல்லை. எங்களில் ஒருத்தி காதில இருந்து இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "உது போன் பழுதோ, பாட்டே உப்பிடியோ?"

அன்றைக்கு எல்லாரும் சொன்ன ஒரே சொல் "விளங்கேல்லை". எங்களுக்குப் பாட்டு என்பது பெரும்பாலும் சொல். சினிமாப் பாட்டாக இருந்தாலும், தேவாரமாக இருந்தாலும், எழுச்சிப் பாட்டாக இருந்தாலும், சொல் காதில் விழவேண்டும், அதைத் திருப்பிப் பாட ஏலவேண்டும். சொல்லே விளங்காத ஒரு பாட்டை என்ன செய்வது?

பட்டியலை நம்பினவர்கள் தங்களில்தான் ஏதோ பிழை என்று நினைத்தார்கள். நம்பாதவர்கள் பட்டியலில்தான் பிழை என்றார்கள். இரண்டு பக்கமும் இன்னும் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

குழுவுக்குள்ளேயே இருந்த சந்தேகம்

கொஞ்சம் பின்னணி. 1997இல் வந்த 'ஓகே கொம்பியூட்டர்' றேடியோஹெட்டை உலகத்தின் பெரிய றொக் குழுக்களில் ஒன்றாக்கியது. மூன்று கிற்றார் வாசிக்கக்கூடிய குழு, உயர எழும்பும் குரல், பெரிய மெட்டுகள். அந்தத் தொகுப்புக்குப் பின் போன நீண்ட பயணம் பாடகர் தொம் யோர்க்கை உடைத்துப் போட்டது. அவரால் எழுத முடியவில்லை. கிற்றாரை எடுத்தால் வெறுப்பு வந்தது. மெட்டு என்பதே வெட்கமாகத் தெரிகிறது, தாளம் மட்டும் காணும் என்ற அளவுக்குப் போனார். அஃபெக்ஸ் ட்வின், ஓட்டெக்கர் போன்ற இலத்திரனியல் இசைக்காரரின் தொகுப்புகளை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1999 ஜனவரியில் பாரிஸில் பதிவு தொடங்கியது. பிறகு கோப்பன்ஹேகன், அங்கிருந்து இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர், கடைசியில் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தங்கட ஒலிப்பதிவுக்கூடம். தயாரிப்பாளர் நைஜல் கொட்றிச். மாதக்கணக்காக வேலை நடந்தது, ஆனால் ஒன்றும் முடியவில்லை.

எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி என்னவென்றால், பின்னால் விமர்சகர்கள் கேட்ட கேள்விகளை முதலில் கேட்டவர்கள் குழுவில் இருந்தவர்களேதான். கிற்றார்க்காரர் எட் ஓ'பிறையன் சின்னச் சின்னக் கிற்றார்ப் பாட்டுகளாக ஒரு தொகுப்புச் செய்யலாம் என்று விரும்பியிருந்தார். மற்றக் கிற்றார்க்காரர் ஜொனி கிறீன்வூட்டுக்கு, கலை என்ற பெயரில் சும்மா பம்மாத்துக் காட்டுகிறோமோ என்ற பயம் இருந்தது. ஐந்து பேருக்கும் பிடித்த ஒரு தொகுப்பு வராவிட்டால் பிரிந்துவிடலாம் என்றுகூடக் கதைத்திருக்கிறார்கள். ஓ'பிறையன் அந்த நாட்களில் இணையத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். எதுவும் முடியாமல் இழுபடும் வேலையின் களைப்பு அதில் தெரியும்.

ஒரு கிற்றார்க்காரனிடம் "இந்தப் பாட்டில் உனக்கு வேலை இல்லை" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? ஜொனி கிறீன்வூட் ஒண்ட் மார்த்தனோ என்ற வாத்தியத்தை எடுத்தார். 1928இல் பிரான்சில் அறிமுகமான பழைய இலத்திரனியல் வாத்தியம் அது. விரலில் ஒரு வளையத்தைப் போட்டுக் கம்பி வழியே இழுத்தால், பாடுவது மாதிரி ஓர் ஒலி வழுக்கிக்கொண்டு வரும். இரண்டாவது பாட்டில் யோர்க் சொற்களைச் சொல்ல, அதன் சுரத்தைத் தீர்மானித்தது கிறீன்வூட்டின் கையில் இருந்த அந்த வாத்தியம்தான். எங்கட தோழி 'போன் பழுது' என்று நினைத்தது இதைத்தான். ஓ'பிறையனின் கிற்றார் ஒலியை எடுத்து உருமாற்றி, கிற்றார் என்றே தெரியாத ஐந்தாவது உருப்படியை, சொல்லும் தாளமும் இல்லாத ஒரு மூட்டத்தைச் செய்தார்கள்.

எட்டாவது பாட்டு 'இடியோடெக்' இன்னும் சுவாரசியமானது. அதில் வரும் நாலு சுரக்கூட்டுகள் போல் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் பிறின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணினியில் செய்த ஒரு நீண்ட படைப்பில் இருந்து எடுத்தவை. லான்ஸ்கி அந்தப் படைப்புக்குப் பெயர் எடுத்தது வாக்னரின் 19ஆம் நூற்றாண்டு ஒப்பெராவில் இருந்து. கிறீன்வூட் ஒரு பழைய இசைத்தட்டில் அதைக் கேட்டு, லான்ஸ்கிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். ஆக, 'எதிர்கால இசை' என்று கனபேர் எழுதிய பாட்டின் நடுவில் இருப்பது 27 வருசம் பழசான ஒலி.

விமர்சகரைவிட ரசிகருக்கு நேரம் கிடைத்தது

2000 ஒக்டோபர் 2ஆம் திகதி தொகுப்பு பிரிட்டனில் வெளியானது. தனிப்பாட்டு ஒன்றும் முன்னுக்கு விடவில்லை. வழமையான பாட்டு வீடியோவும் இல்லை, சில விநாடிகள் ஓடும் கேலிச்சித்திரத் துண்டுகள்தான். நேர்காணல்கள் மிகக் குறைவு. விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் பிரதி அனுப்பிவைக்கும் வழக்கத்தையும் நிறுவனம் இந்த முறை விட்டுவிட்டது. கனபேர் நிறுவனம் ஒழுங்கு செய்த இடத்தில் போய் இருந்து கேட்டுவிட்டு வந்துதான் எழுதவேண்டியிருந்தது.

அதேநேரம் வேறொரு பக்கத்தில் இணையத்தில் பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டர் உச்சத்தில் இருந்தது. அந்தக் கோடையில் குழு மேடையில் வாசித்த புதிய பாட்டுகளை ரசிகர்கள் பதிவு செய்து அதில் போட்டார்கள். பார்சிலோனாவில் வாசித்த நிகழ்ச்சி அடுத்த நாளே இணையத்தில் கிடந்தது என்றும், சில வாரம் கழித்து இஸ்ரேலில் வாசித்தபோது அங்கிருந்தவர்களுக்கு வெளிவராத பாட்டுகளின் சொற்கள் தெரிந்திருந்தன என்றும் குழுவின் பேஸ் கிற்றார்க்காரர் கொலின் கிறீன்வூட் பிறகு சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் முழுத் தொகுப்பும் நாப்ஸ்டரில் கசிந்தது.

எங்களுக்கு இது முக்கியமாகப் படுகிறது. தொழில்முறை விமர்சகர் ஒன்றிரண்டு தரம் கேட்ட இசையை, காசில்லாத பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டில் இருந்து நாற்பது தரம் கேட்டிருக்க வாய்ப்பு இருந்தது. கசிவால் விற்பனை விழும் என்று பயந்தார்கள். நடந்தது வேறு. அமெரிக்காவில் 'ஓகே கொம்பியூட்டர்' 21ஆம் இடத்துக்கு மேல் போகவில்லை. 'கிட் ஏ' முதல் வாரத்திலேயே இரண்டு இலட்சத்துக்கு மேல் விற்று முதலாம் இடத்துக்கு வந்தது. நாப்ஸ்டர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஏலாது. ஆனால் சனம் கேட்டுவிட்டும் வாங்கியிருக்கிறது என்பது உண்மை.

திட்டியவர்கள் சொன்னது

இனி விமர்சனங்களுக்கு வருவோம். எங்கட சண்டையில் 'கிட் ஏ' பக்கம் நின்றவர்கள் நீண்டகாலம் ஒரு சுலபமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து விமர்சகர்கள் முட்டாள்கள், காலம் அவர்களுக்குப் பாடம் படிப்பித்தது என்பதுதான் அந்தக் கதை. அந்த விமர்சனங்களை எடுத்து வாசித்தபோது கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

மெலடி மேக்கரில் எழுதியவர் மார்க் போமொன்ட். கடுமையான, கேலியான மொழி. அவர் சொன்னதன் சாரம்: இந்தக் குழு தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது, கேட்பவரைப் பற்றிக் கவலையே இல்லை, வெறும் படம் காட்டுகிறது.

'ஹை ஃபிடெலிட்டி' நாவலை எழுதிய நிக் ஹோர்ன்பி நியூயோர்க்கர் சஞ்சிகையில் எழுதினார். அந்த நாவலே இசைத்தட்டுக் கடை ஒன்றில் இருந்து பட்டியல் போட்டுக்கொண்டு இருக்கும் இசைப் பைத்தியங்களைப் பற்றியதுதான். ஆகவே இசை தெரியாதவர் என்று அவரைத் தட்டிவிட முடியாது. அவருடைய வாதம், இந்தத் தொகுப்புக் கேட்கும் பொறுமையும் நேரமும் வளர்ந்தவர்களிடம் இல்லை என்பது. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவரிடம் ஒரு தொகுப்பை வாரக்கணக்காகத் திருப்பித் திருப்பிக் கேள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பதினாறு வயதாக இருக்கவேண்டும்.

இதை வாசித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். பதினாறு வயதில் நேரம் இருக்கும் என்று சொன்னவருக்கு எங்கட ஓஎல் ரியூசன் நேரசூசி தெரியாது. ஆனால் சிரித்து முடிய, அவர் கேட்டது சரியான கேள்விதான் என்று பட்டது. எங்களில் ஒருவன் இரவு எட்டு மணிவரை கடையில் நிற்கிறான். இன்னொருத்தி கம்பஸும் பகுதிநேர வேலையுமாக ஓடுகிறாள். "இசையை விளங்கப் பொறுமை வேணும்" என்று சொல்வது சும்மா இருக்க வசதி உள்ளவன் சொல்லும் புத்திமதியாகவும் இருக்கலாம். ஒரு படைப்புக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்பது ரசனைக் கேள்வி மட்டுமில்லை, எங்கட பொக்கற்றையும் உழைப்பையும் பற்றிய கேள்வி.

எங்களுக்கு அந்த நேரம் கிடைத்ததும் விசித்திரமான வழியில். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள். விசிறி இல்லை, படிக்க வெளிச்சம் இல்லை, டேட்டாவும் ஒழுங்காக இல்லை. போனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்ததைத்தான் கேட்க முடிந்தது. எங்களில் மூன்று பேரின் போனில் கிடந்தது 'கிட் ஏ'. நாங்கள் பொறுமைசாலிகள் ஆகவில்லை. வேறு வழி இருக்கவில்லை. நாலாவது ஐந்தாவது தரம் கேட்கும்போது, முன்னர் இரைச்சலாகக் கேட்ட மூன்றாவது பாட்டின் அடியில் அந்த பேஸ் கிற்றார் ஒரே வரியை விடாமல் வாசித்துக்கொண்டிருப்பது காதில் பிடிபட்டது. அதற்கு மேலே குழல் வாத்தியங்கள் ஒன்றோடொன்று முட்டுப்பட்டுக் கத்துவது, நெரிசலான பஸ் ஸ்ராண்டில் எல்லாரும் ஒரே நேரம் கதைப்பது மாதிரிக் கேட்டது. அது பிடித்தது. ஆனால் அதே இருட்டில் அதே பாட்டைக் கேட்ட இன்னொருவனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நேரம் கொடுத்தால் எல்லாருக்கும் பிடிக்கும் என்பதும் பொய்தான்.

வேறு ஒரு வகைத் திட்டும் இருந்தது. இலத்திரனியல் இசையை ஏற்கெனவே கேட்டு வந்தவர்கள், "இதில் என்ன புதுமை? அஃபெக்ஸ் ட்வின் ஏழெட்டு வருசத்துக்கு முன்னமே செய்துவிட்டாரே" என்றார்கள். அதுவும் பிழையில்லை. யோர்க்கே தான் எங்கே இருந்து எடுத்தார் என்று ஒளிக்கவில்லை.

புகழ்ந்தவர்கள் சொன்னது

பிட்ச்ஃபோர்க்கில் பத்துக்குப் பத்துக் கொடுத்தவர் பிரென்ட் டிகிரெசென்ஸோ. அந்த விமர்சனம் இன்றைக்கும் இரண்டு காரணத்துக்காகப் பேசப்படுகிறது. ஒன்று, அது இணையத்தில் பரவி, அந்தத் தளத்தைக் கனபேருக்குத் தெரியவைத்தது. மற்றது, அதன் மொழி. நட்சத்திரம், வானம், பிறப்பு, மரணம் என்று உவமைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போகும். அதைப் பகிடி பண்ணி எழுதாத ஆள் இல்லை. நாங்களும் சத்தமாக வாசித்துச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் அந்த மொழியிலும் ஒரு நேர்மை இருக்கிறது. தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல அவரிடம் பழக்கமான சொற்கள் இல்லை. கிற்றார்த் தொகுப்பை எழுதும் சொற்களால் இதை எழுத முடியவில்லை. அதனால் கண்ட கண்ட பக்கமெல்லாம் கை நீட்டுகிறார். போமொன்ட் கேலியால் செய்ததை அவர் உவமையால் செய்தார்.

எல்லாரும் இந்த இரண்டு முனைகளில் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரிட்டனின் என்எம்ஈ பத்துக்கு ஏழு கொடுத்தது. அமெரிக்காவின் றோலிங் ஸ்டோன் ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மூத்த விமர்சகர் றொபேர்ட் கிறிஸ்ட்கோ 'ஏ மைனஸ்'. பெரும்பாலான விமர்சனங்கள் பாராட்டுக்கும் குழப்பத்துக்கும் நடுவில் எங்கேயோதான் நின்றன. அவற்றை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. பத்தும் ஒன்றரையும்தான் மிஞ்சியது.

ஒரே விபரம், இரண்டு தீர்ப்பு

போன மாதம் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். திட்டிய விமர்சனங்களையும் புகழ்ந்த விமர்சனங்களையும் வைத்து, தீர்ப்புச் சொற்களை மட்டும் வெட்டினோம். அற்புதம், குப்பை, மேதமை, பம்மாத்து எல்லாம் போக, விபரம் மட்டும் மிஞ்சட்டும் என்று.

மிஞ்சியது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. மெட்டு ஒளிக்கப்பட்டிருக்கிறது. குரல் மறைக்கப்பட்டிருக்கிறது. சொற்கள் தொடர்பில்லாமல் வருகின்றன. கிற்றார் காணாமல் போய்விட்டது. கேட்பவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. திட்டியவருக்கு இது ஒரு வாக்குறுதியை முறித்தது மாதிரி. புகழ்ந்தவருக்கு இது ஒரு கதவு திறந்தது மாதிரி. இரண்டு பேரும் ஒரே இசையைத்தான் கேட்டிருக்கிறார்கள், நன்றாகவும் கேட்டிருக்கிறார்கள். வித்தியாசம் அவர்கள் என்னத்தை எதிர்பார்த்து வந்தார்கள் என்பதில்.

யோர்க் பாட்டு வரிகள் சிலதைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுத்து ஒழுங்குபடுத்தினார் என்பது தெரிந்த கதை. ஆகவே "சொல் விளங்கேல்லை" என்று நாங்கள் அன்றைக்குச் சொன்னது பிழையே இல்லை. அது விளங்கவேண்டும் என்று செய்யப்படவில்லை. நாங்கள் அதற்குப் பிறகு கேட்கவேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான். சொல் விளங்காதபோது மிச்சமாக என்ன கேட்கிறது?

காலம் தீர்ப்புச் சொல்லிச்சோ?

2001இல் 'கிட் ஏ' சிறந்த மாற்று இசைத் தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது. 2009இல் பத்தாண்டின் சிறந்த தொகுப்புகளைப் பட்டியல் போட்டபோது பிட்ச்ஃபோர்க், றோலிங் ஸ்டோன், பிரிட்டனின் த டைம்ஸ் மூன்றும் இதை முதலாம் இடத்தில் வைத்தன. 2020இல் றோலிங் ஸ்டோன் எல்லாக் காலத்துக்குமான 500 தொகுப்புகளில் 20ஆவது இடம் கொடுத்தது. ஐந்துக்கு ஒன்றரை கொடுத்த மெலடி மேக்கர், 2000 டிசம்பரிலேயே தனிச் சஞ்சிகையாக வருவதை நிறுத்தி என்எம்ஈயோடு சேர்ந்துவிட்டது.

இங்கே நிறுத்தினால் நல்ல நீதிக்கதை. ஆனால் பத்துக் கொடுத்த பிட்ச்ஃபோர்க்கும் 2015இல் கொண்டே நாஸ்ட் என்ற பெரிய நிறுவனத்திடம் போனது. ஹோர்ன்பியின் விமர்சனத்தைப் போட்ட நியூயோர்க்கரும் அதே நிறுவனத்தின் சஞ்சிகைதான். 2024 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்கை ஆண்களுக்கான ஒரு ஃபஷன் சஞ்சிகைக்குக் கீழே கொண்டுபோய், கனபேரை வேலையால் நிறுத்தினார்கள். திட்டினவையும் நிலைக்கேல்லை, புகழ்ந்தவையும் நிலைக்கேல்லை.

எங்களுக்கு மரியாதை வந்தது போமொன்ட்டில். பத்து வருசம் கழித்து, உலகமே மறுபக்கம் போன பிறகும், தனக்கு இப்பவும் அந்தத் தொகுப்புப் பெரிதாகப் படவில்லை என்று திரும்ப எழுதினார். அவரோடு நாங்கள் எல்லாரும் உடன்படவில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்து மனதை மாற்றினவர்களைவிட அவர் இசையைத்தான் கேட்டிருக்கிறார்.

பட்டியல்களை நாங்கள் வெறுக்கவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் இந்தத் தொகுப்பு எங்களிடம் வந்தே இருக்காது. ஆனால் "எல்லாரும் சொல்லினம், அப்ப நல்லதாத்தான் இருக்கும்" என்பதும் "விளங்கேல்லை, அப்ப கூடாது" என்பதும் ஒரே சோம்பல். இரண்டிலும் நாங்கள் கேட்கவில்லை.

எங்கட வீட்டுப் பிரச்சினை

இப்ப அந்த நண்பனுக்கு வருவோம். பெயர் வேண்டாம், அவனுக்கு வெட்கம். ஒரு வருசமாகப் போனில் ஒலிகளைப் பதிந்து வைத்திருந்தான். தண்ணீர் இறைக்கும் மோட்டர், அம்மாவின் தையல் மெசின், திருவிழா லவுட்ஸ்பீக்கர் தூரத்தில் காற்றோடு வருவது. அதையெல்லாம் பழைய லப்டொப்பில் வெட்டி ஒட்டி, தாளம் போட்டு, ஐந்து உருப்படி செய்திருக்கிறான். நாலில் சொல்லே இல்லை. ஒன்றில் அவனுடைய அம்மம்மா ஏதோ கதைக்கிறா. என்னவென்று விளங்காது, அவவின் குரல் என்று மட்டும் தெரியும்.

வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறான். "நல்லாத்தான் இருக்கு தம்பி, பாட்டு எப்பத் தொடங்கும்?" என்று கேட்டிருக்கினம். கூட்டாளிகள் லைக் போட்டார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கட சூழலில் புதிதாக ஒன்று செய்பவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். தெரிந்தவன் என்றால் பாராட்டு, தெரியாதவன் என்றால் மௌனம். புத்தக வெளியீட்டில் எல்லாரும் எழும்பி "சிறப்பு" என்று சொல்லிவிட்டு வடையும் தேத்தண்ணியுமாகக் கலைந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கவும் எங்களிடம் ஆளில்லை. றேடியோஹெட்டுக்கு அந்த ஒன்றரையால் ஒரு நட்டமும் வரவில்லை, பின்னால் பெரிய நிறுவனமும் லட்சக்கணக்கான ரசிகரும் இருந்தார்கள். இவனுக்கு நாங்கள் எழுதும் ஒரு பக்கம்தான் முதல் விமர்சனம். அனேகமாகக் கடைசி விமர்சனமும் அதுவாக இருக்கலாம். பிடிக்கவில்லை என்று எழுதினால் நிறுத்திவிடுவானோ என்று ஒரு பக்கம் பயந்தது. பிடித்திருக்கிறது என்று எழுதினால் நண்பன் என்பதால் எழுதினோம் என்று அவனே நம்பமாட்டான் என்றது மற்றப் பக்கம்.

அவனையே கேட்டோம். "நல்லாயிருக்கு எண்டு மட்டும் எழுதாதேங்கோடா. என்ன கேட்டுது எண்டு எழுதுங்கோ" என்றான்.

இரண்டு வருசச் சண்டையில் நாங்கள் வந்து சேர்ந்த இடத்தை அவன் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டான். அதனால் அவனுடைய தொகுப்புக்கு நாங்கள் இப்படிச் செய்யப்போகிறோம். முதலில் மூன்று பேர் தனித்தனியாக, ஒருவரோடொருவர் கதைக்காமல், கேட்டதை எழுதுவோம். எந்த நிமிசத்தில் மோட்டர் தாளமாக மாறுகிறது, அம்மம்மாவின் குரல் எங்கே தேய்கிறது, எங்கே எங்களுக்கு அலுத்தது. அதற்குப் பிறகுதான் பிடித்ததா இல்லையா என்பது. பிடிக்காதவனும் தன் பெயரோடு எழுதுவான். எத்தனை தரம் கேட்டோம் என்பதையும் போடுவோம். ஒரு தரம்தான் கேட்டோம் என்றால் ஒரு தரம் என்று போடுவோம். புள்ளி கொடுக்கமாட்டோம். புள்ளி கொடுத்தால் கடைசியில் அது மட்டும்தான் மிஞ்சும் என்று 'கிட் ஏ' காட்டியிருக்கிறது.

இதனால் அவன் பெரிய ஆளாக வருவான் என்று சொல்ல வரவில்லை. அந்த ஐந்து உருப்படியில் இரண்டு எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, அதையும் எழுதத்தான் போகிறோம். ஆனால் யாரோ மூன்று பேர் தன் இசையை இருந்து கேட்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்ததைச் செய்வதா விடுவதா என்று அதை வைத்து அவனே முடிவெடுக்கட்டும்.

அந்த விமர்சனம் அடுத்த மாதம் வரும். அதுவரை, 'கிட் ஏ'யைக் கேட்காதவர்கள் கேட்டுப் பாருங்கோ. பத்து உருப்படி, ஏறத்தாழ ஐம்பது நிமிசம். எங்கட பட்டியலை நம்பிக் கேட்க வேண்டாம். பிடிக்காட்டி ஐந்தாவது உருப்படியில் நிறுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் எது பிடிக்கேல்லை, அந்த இடத்தில என்ன கேட்டுது எண்டு நாலு வரி எழுதி அனுப்புங்கோ. "விளங்கேல்லை" எண்டு தொடங்கினாலும் பரவாயில்லை, அதுக்குப் பிறகு இன்னும் ஒரு வசனம் எழுதுங்கோ.